அவ்வைக்கு ஒரு ராஸ்பெரி

தருமபுரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒகேனக்கல். எண்ணெய் மசாஜ். தக்காளி. சரித்திரம் கொஞ்சம் படித்தவர்களுக்கு அதியமான். பேப்பர் விடாமல் படிப்பவர்களுக்கு, 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி பக்கம் பாடி கிராமத்தில் வீரப்பன் கதை முடிந்தது. பெங்களூரில் வேலை பார்ப்பவர்களுக்கு, தொப்பூர் கணவாயில் முன்னால் ஊர்ந்து போகும் லாரி.

கம்ப்யூட்டர்? சத்தியமாக வராது.

ஆனால் கம்ப்யூட்டர் சரித்திரத்தில் இந்த மாவட்டத்துக்கு ஓர் ஓரத்து ஸீட்டாவது கொடுத்தே ஆகவேண்டும். 2021 சட்டசபைத் தேர்தல். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்கிராமம். வண்டி போகப் பாதை இல்லை. ஆனால் மேலே ஓட்டு இருக்கிறது. ஓட்டு மெஷினை எப்படி ஏற்றுவது? கூப்பிடு கழுதையை! பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு கழுதைகள் முன்னால் போக, தேர்தல் அதிகாரிகள் மூச்சிரைக்கப் பின்னால் நடந்தார்கள். (தேர்தல் பணிக்கான படி இரு தரப்புக்கும் உண்டா என்று விசாரித்தேன். பதில் சொல்லாமல் சிரித்தார்கள்.)

ஓட்டு மெஷினும் ஒரு கம்ப்யூட்டர்தான் ஸார். ஒரே ஒரு வேலை தெரிந்த கம்ப்யூட்டர். நம் நாட்டில் அதைச் செய்பவை இரண்டே பொதுத்துறை நிறுவனங்கள். அதில் ஒன்று பெங்களூரின் பி.இ.எல். - பாரத் எலெக்ட்ரானிக்ஸ். இதே பி.இ.எல். 2004-ல் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டரும் செய்து கொடுத்தது. கோட்டூர் மாதிரி ஊர்களை மனதில் வைத்தே யோசித்த கம்ப்யூட்டர் அது. பெயர் சிம்ப்யூட்டர்.

அதற்கு மட்டும் கழுதை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை மாதிரி ஒன்று எனக்கு இந்தத் தடவை பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் கிடைத்தது. அதற்கு முன்னால் கொஞ்சம் பூர்வகதை.

பெங்களூர் தருமபுரியிலிருந்து 130 கிலோமீட்டர் சொச்சம். விடிகாலை பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் ஓசூர் தாண்டியிருக்கும். அந்த ஊரில் 1999-ல் ஏழு பேர் சேர்ந்து சிம்ப்யூட்டர் டிரஸ்ட் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி.வினய், என்கோர் கம்பெனியிலிருந்து வினய் தேஷ்பாண்டே முதலியவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் பயன்படுத்தும்படி, உள்ளங்கையில் அடங்குகிற கம்ப்யூட்டர் ஒன்று. விலை ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். இதுதான் கனவு.

2001 ஏப்ரலில் மாதிரியைக் காட்டினார்கள். உள்ளே லினக்ஸ். அதாவது ஹெல்சிங்கி மாணவர் லைனஸ் டார்வால்ட்ஸ் 1991-ல் ஆரம்பித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்ட அதே லினக்ஸ். திரையை ஒரு குச்சியால் தொடலாம். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தை இந்திய மொழியில் வாய்விட்டு வாசித்தே காட்டும். அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் நியூயார்க் டைம்ஸில், அந்த வருஷத்தின் முக்கியமான கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஆப்பிளும் இல்லை, மைக்ரோஸாஃப்டும் இல்லை, இதுதான் என்று எழுதினார். நமக்குத் தலைகால் புரியவில்லை.

2004 மார்ச்சில் ‘அமிடா’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. கையைச் சாய்த்தால் பக்கம் புரளும். ஐபோன் பிறக்க இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, கவனியுங்கள்! ஆனால் விலை? ஆரம்பமே பத்தாயிரத்தைத் தொட்டது. கலர் திரை வேண்டுமென்றால் அதற்கு மேலே. ஐம்பதாயிரம் விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். 2005 வரை விற்றது சுமார் நாலாயிரம். கர்நாடகாவின் ‘பூமி’ நில ஆவணத் திட்டத்திலும், சத்தீஸ்கரில் பள்ளிக்கூடத்திலும் கொஞ்ச நாள் கையில் பிடித்துப் பார்த்தார்கள். ராணுவத்துக்காக ஒரு தம்பியும் பிறந்தான். அதோடு சரி.

ஒரு வருஷம் முன்னாலேயே, 2003-ல், ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்கு செல்போனை நீட்டிவிட்டது. அந்தக் கூட்டத்தில் சிம்ப்யூட்டரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இப்போது தருமபுரிக்கு வருவோம். டவுனில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் நண்பன் ஒருவன் உண்டு. நானும் அவனும் பி.காம். ஒரே பெஞ்ச். டெபிட், கிரெடிட் இரண்டும் எந்தப் பக்கம் என்று இன்னமும் அவன் என்னைத்தான் கேட்பான். ஆனால் எந்த மெஷினையும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் பார்க்கத் தெரியாது. “மாப்ளே, ஒரு பாட்டியைக் காட்டறேன் வா” என்று போன் போட்டான். போனேன்.

பாட்டி மேஜை மேல் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டைப் பெரிதாக்கின மாதிரி ஒரு பெட்டி. திறந்தால் ஆறரை அங்குலத் திரையும், விரல் கொள்ளும் அளவுக்கு நிஜமான கீபோர்டும். எச்.பி. கம்பெனியின் ஜோர்னாடா 720. 2000-ம் வருஷத்துச் சரக்கு. அரைக் கிலோ எடை. அன்றைக்கு ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில் விலை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் குவியலில் கிடந்ததை இவன் எடை போட்டு வாங்கிய மாதிரி வாங்கி வந்திருக்கிறான்.

“இதுல என்ன விசேஷம் தெரியுமா? உள்ள இருக்கறது ஸ்ட்ராங்-ஆர்ம் சிப்பு. 206 மெகாஹெர்ட்ஸ். சிம்ப்யூட்டர்லயும் இதேதான். சிம்ப்யூட்டர் எனக்குக் கெடைக்கலை. அதோட அக்கா கெடைச்சா!”

பேட்டரி செத்திருந்தது. பேக்கைப் பிரித்து உள்ளே புது செல் போட்டான். அக்காவின் சொந்தப் பாஷை விண்டோஸ் சி.இ. அதை மைக்ரோஸாஃப்டே எப்போதோ கைகழுவியாகிவிட்டது. ஆனால் ஜோர்னாடாவுக்கென்றே சில ஆர்வலர்கள் ‘ஜே-லைம்’ என்று ஒரு லினக்ஸைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதை ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டில் ஏற்றி ஓரத்துத் துளையில் செருகினான். விண்டோஸில் ஒரு சின்ன புரோகிராமைத் தட்டினால், அது விண்டோஸையே மெமரியிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் லினக்ஸை உட்கார வைக்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி, கடைசியில் ‘யார் நீ?’ என்று கேட்டு நின்றது.

இதுவரை சரி. ஆனால் பாட்டிக்கு ஞாபகசக்தி 32 எம்.பி. உங்கள் போனில் எடுத்த போட்டோ ஏழெட்டு வைத்தால் தீர்ந்தது. இன்றைய இன்டர்நெட் பக்கங்கள் பேசும் ரகசியப் பாஷை அவளுக்குப் புரியாது. யூனிகோடு தமிழ் என்றால் கட்டம் கட்டமாகக் கண்ணீர் விடுவாள். வெறும் கீபோர்டும் திரையும் நன்றாக இருந்து என்ன செய்ய?

இங்கேதான் நண்பன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்தான். உள்ளே சோப்பு இல்லை. பச்சையாக ஒரு போர்டு. 65 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம். ராஸ்பெரி பை ஸீரோ. (இங்கே பை என்றால் மஞ்சள் பை அல்ல.) ஒரே போர்டில் முழுக் கம்ப்யூட்டர். இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று செய்த குடும்பத்தின் கடைக்குட்டி. 2015-ல் வந்தபோது விலை 5 டாலர். அந்த மாதம் ‘மேக்பை’ என்ற பத்திரிகை, அட்டையிலேயே இதை இலவசமாக ஒட்டிக் கொடுத்தது. நமக்கு அட்டையில் ஷாம்பு பாக்கெட் ஒட்டிக் கொடுத்த காலம் ஞாபகம் இருக்கிறதா? அவர்களுக்குக் கம்ப்யூட்டர்!

நண்பன் வைத்திருந்தது 2017-ல் வந்த, வை-ஃபை உள்ள ரகம். பாட்டியைப் போல 16 மடங்கு மெமரி. இதற்கு ஞானம் இருக்கிறது, கண்ணும் கையும் இல்லை. பாட்டிக்குக் கண்ணும் கையும் இருக்கிறது, ஞானம் போதவில்லை. இரண்டையும் ஒரு ஒயரால் முடிச்சுப் போட்டான். சீரியல் போர்ட் என்கிற அந்தக் காலத்து வாசல். பாட்டி வீட்டு வோல்டேஜ் அப்படியே பாய்ந்தால் 3.3 வோல்ட் குட்டி கருகிவிடும். அதனால் நடுவில் மாக்ஸ் 3232 என்று ஒரு சிப் தரகர் வேலை பார்க்கிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும். விநாடிக்கு 1,15,200 பிட் வேகம். எழுத்து ஓடுவதற்கு அது தாராளம். பவருக்கு சாதாரண பவர் பேங்க்.

ஆக, தட்டுவது பாட்டி கீபோர்டில். யோசிப்பது சோப்பு டப்பா. பதில் தெரிவது பாட்டி திரையில்.

இந்த ஊர் அந்தக் காலத்துத் தகடூர். இங்கே ஆண்ட அதியமான், ஆயுள் தரும் நெல்லிக்கனி ஒன்று கிடைத்தபோது தான் சாப்பிடாமல் அவ்வைக்குக் கொடுத்தானாம். நம் ஆள் அதே ஊரில் உட்கார்ந்து, கால் நூற்றாண்டு வயசான கிழவிக்கு ஒரு ராஸ்பெரிப் பழத்தைக் கொடுத்திருக்கிறான். “ஏன்டா, இதெல்லாம் எதுக்கு? போன் இல்லையா?” என்றேன். ஆபீஸ் போகிற எவனும் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதானே?

“பாலக்கோட்டுக்கு வா, சொல்றேன்” என்றான்.

டவுன் பஸ்ஸ்டாண்டில் பாலக்கோடு வண்டி. ஜன்னலோரம் பிடித்துவிட்டோம். அவன் மடியில் பாட்டி. சட்டைப் பையில் பவர் பேங்க். இரண்டுக்கும் நடுவே சோப்பு டப்பாவிலிருந்து ஒயர். பக்கத்து ஸீட் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் எழுந்து நின்றுகொண்டே வந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது எட்டிப் பார்த்தார்.

“என்னங்க தம்பி இது, டைப்ரைட்டிங்கா?”

“கம்ப்யூட்டருங்கண்ணா.”

“அப்போ அந்த சோப்பு டப்பா?”

“அதுவும் கம்ப்யூட்டர்தாங்கண்ணா.”

“ரெண்டு டிக்கெட்தான் வாங்கியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். பஸ் சிரித்தது. எழுந்து நின்ற அம்மாவும் சிரித்தபடி திரும்ப வந்து உட்கார்ந்தார்.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டைக் காலையில் பார்க்கவேண்டும். ரோடே சிவப்பாக இருக்கும். பெட்டி மேல் பெட்டி, வேன் மேல் வேன். விலை ஏறினால் உங்கள் வீட்டு ரசத்தில் தக்காளி காணாமல் போகும். விலை இறங்கினால் பறிக்கும் கூலிக்குக் கட்டாமல் தக்காளி ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறவர் நண்பனின் சித்தப்பா. இரண்டு ஏக்கர் தக்காளி. வயது எழுபதை நெருங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் ஒரு கண்ணில் புரை.

கதை அவர் வாயாலேயே வந்தது. “போன வருஷம் மண்டிக்காரன் சீட்டுக்கும் என் கணக்குக்கும் 11,400 ரூபா வித்தியாசம் தம்பி. நான் எழுதி வச்சிருந்தேன். நோட்டுல இல்ல, போன்ல. பேரன் ஏதோ கணக்கு ஆப்பு போட்டுக் குடுத்தான். நடுவுல போன் தொலைஞ்சு நம்பரு மாறிப் போச்சு. புது போன்ல தெறந்தா, பழைய நம்பருக்கு ரகசிய நம்பர் அனுப்பிட்டேன், அதைச் சொல்லுங்கறான். அந்த நம்பரு எவன்கிட்ட இருக்கோ! என் தோட்டம், என் தக்காளி, என் கணக்கு. நான்தான் நான்னு எவன்கிட்டப் போய் நிரூபிக்கறது?”

கிடைத்தது மண்டிச் சீட்டில் இருந்த தொகைதான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நண்பன் டீக்கடை பெஞ்சில் பாட்டியைத் திறந்தான். கீபோர்டில் தமிழ் இல்லை. அதனால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினான், நாம் போனில் மெசேஜ் அடிக்கிற மாதிரி. தேதி, பெட்டி, விலை, வண்டி வாடகை, கமிஷன். சோப்பு டப்பா அதை அசல் தமிழாக மாற்றி வைத்துக்கொண்டது. பிறகு ஒரு பட்டன். டப்பாவில் செருகியிருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து ‘ஈ-ஸ்பீக்’ என்ற இலவச புரோகிராம் வாய் திறந்தது. “தக்காளி... பதினெட்டு... பெட்டி...”

சித்தப்பா திடுக்கிட்டார். “யார்றா இது? மூக்கடைப்பு வந்தவன் ரேஷன் கடையில பேர் கூப்பிடற மாதிரி!”

ஆனால் இரண்டாம் தடவை போடச் சொன்னார். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கமிஷன் வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். “அது நூத்திப் பத்து இல்ல, நூத்தி நாப்பது. மாத்து.” நோட்டைக் கண்ணருகே வைத்துத் தடவிக்கொண்டிருந்தால் அது அவருக்கு அகப்பட்டிருக்காது.

தருமபுரி மண்ணில் கணக்கு என்பது சின்ன விஷயம் இல்லை. 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த சண்டை முடிந்து இந்தப் பக்கம் - அப்போது பாரமகால் - வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. காப்டன் அலெக்ஸாண்டர் ரீட், அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1799 வரை மன்றோவுக்கு வேலை இந்தப் பக்கம்தான். ஜமீன்தார், இடைத்தரகர் யாரும் வேண்டாம். வயல் வயலாக அளந்து, உழுகிறவன் பேரிலேயே வரி போடு என்கிற ரயத்வாரி முறை இங்கேதான் நடை பழகியது. பின்னால் அவரே சென்னை கவர்னர் ஆகி, மாகாணம் பூராவும் பரவியது.

உழுகிறவன் பெயர் கணக்கில் ஏறியது. ஆனால் கணக்குப் புத்தகம்? அது கர்ணம் வீட்டுத் திண்ணையில்! பரம்பரை பரம்பரையாக. அவர் எழுதியதுதான் எழுத்து. 1980-ல்தான் தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தார்கள். சித்தப்பாவின் ஆப் கதையைக் கேட்டபோது எனக்கு, கர்ணம் எங்கேயும் போகவில்லை, வேறு திண்ணைக்கு மாறியிருக்கிறார் என்றுதான் தோன்றியது. அந்தத் திண்ணை எந்த ஊரில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது.

சிம்ப்யூட்டர்க்காரர்கள் இதை யோசித்திருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். அந்த மெஷினில் ஒரு ஸ்மார்ட் கார்டு துளை வைத்திருந்தார்கள். ஊருக்கு ஒரு மெஷின் போதும். ஆளுக்கு ஒரு கார்டு. உன் கார்டைச் செருகினால் உன் கணக்கு. உருவிக்கொண்டு போனால் மெஷினில் நீ இல்லை. பத்தாயிரம் ரூபாய் மெஷின் ஏழைக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில் இதுதான்.

நண்பனும் அதே வழிக்கு வந்திருக்கிறான். சித்தப்பாவின் கணக்கை ஒரு தனி மெமரி கார்டில் எழுதி, உருவி அவர் உள்ளங்கையில் வைத்தான். விரல் நகம் அளவு. “சித்தப்பா, இதான் உங்க கணக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டார். பிறகுதான் கேட்டார்:

“கார்டு என் கையில. படிக்கற மெஷினு உன் கையில. அப்போ கணக்கு யாரு கையிலடா?”

டீக்கடையில் ஒரு நிமிஷம் பாய்லர் சத்தம்தான் கேட்டது.

ஐ.ஐ.எஸ்.ஸி.யில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. கேட்டும் இருப்பார்கள். ஊருக்கு ஒரு மெஷின் என்றால் அந்த மெஷினை ஊரில் வைப்பது யார்? ரிப்பேர் பார்ப்பது யார்? கார்டைச் செருக வருகிறவனை ‘நாளைக்கு வா’ என்று சொல்லாமல் இருப்பது யார்? இந்த மூன்று யாருக்கும் ஆள் அமையாததால்தான் சிம்ப்யூட்டர் பெங்களூரைத் தாண்டி மலை ஏறவில்லை. சிப் நன்றாகத்தான் இருந்தது. அதே சிப்தான் இங்கே டீக்கடை பெஞ்சில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறதே!

நண்பன் உடனே பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தான். “சித்தப்பா, இதுல நான் பூட்டு எதுவும் போடலை. வெறும் எழுத்து. எந்த போன்லயும், எந்த கம்ப்யூட்டர்லயும், எந்த ஜெராக்ஸ் கடையிலயும் செருகினா படிக்கலாம். என் மெஷினு இல்லாட்டியும் கணக்கு இருக்கும். நாளைக்கே நான் கடையைச் சாத்திட்டுத் திருப்பூர் போனாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“நீ போகமாட்ட” என்றார் சித்தப்பா. அவருக்கு அதுதான் உத்தரவாதம்.

மத்தியானம் பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் போய், அங்கிருந்து ஒகேனக்கல் பஸ் பிடித்தோம். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் இருக்கிறது. சிறையில் தொழுநோய் பிடித்து, வெளியே வந்தபின் ரயிலில் ஏற்றமாட்டேன் என்றார்கள் என்பதற்காக ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசிய மனுஷன். 1925-ல் இங்கேதான் கண் மூடினார். இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போவது உத்தமம்.

பென்னாகரம் தாண்டிக் காடு ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு ‘யானைகள் கடக்கும் பகுதி’ போர்டு. என் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கிப்போயின. பஸ்ஸில் இருந்த வாலிபர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக மரம் பார்த்த அபூர்வக் காட்சியை அன்றைக்குப் பார்த்தேன். ஒருவர் பக்கத்து ஸீட்டுக்காரரிடம் பெயர்கூடக் கேட்டார்!

பாட்டிக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. நண்பன் காலையில் தட்டிய கணக்கைக் கூட்டிக் கழித்து, மாத வாரியாகப் பிரித்து வரிசை போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் சோப்பு டப்பாவுக்கும் நடுவே இருப்பது ஒரு சாண் ஒயர். டவர் எதற்கு?

இதை வைத்துக்கொண்டு போனைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. மடியில் ஒயர் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதைப் பெண் வீட்டார் பார்த்தால் வரன் தட்டிப்போகும். ஒரு விஷயம் சொல்லவா? உங்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிமடியிலும் லினக்ஸ்தான் இருக்கிறது. சிம்ப்யூட்டர் கனவு கண்ட லினக்ஸ், வேறு வழியாக வந்து, கழுதை, குதிரை எதுவும் கேட்காமல் மலை மேலேயும் ஏறிவிட்டது. தொடுதிரை வந்தது. சாய்த்தால் புரளும் பக்கம் வந்தது. தமிழில் வாசித்துக் காட்டும் குரல் வந்தது, மூக்கடைப்பு கூட இல்லாமல். கனவில் பாக்கி வராமல் நின்றது ஒன்றே ஒன்று: கார்டை உருவிக்கொண்டு போகிற உரிமை.

ஓட்டு மெஷின் கோட்டூர் போனதே, ஏன்? விலை மலிவு என்றா? மேலே இருக்கும் ஓட்டு அந்த ஊர்க்காரருடையது, அதை வாங்கிக்கொண்டு வரவேண்டியது எங்கள் கடமை என்று சட்டம் ஒருவர் தலையில் கட்டியிருக்கிறது. அதனால் அவர் கழுதையைத் தேடினார். நம் கணக்கு நம்முடையது, அதை நாம் கேட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டியது கடமை என்று ஆப்காரன் தலையில் கட்டினால் அவனும் ஏதாவது ஒரு கழுதையைத் தேடுவான்.

அதுவரைக்கும்? உங்கள் போனில் சம்பளச் சீட்டு, எல்.ஐ.சி. ரசீது, குழந்தையின் முதல் போட்டோ, சீட்டுப் பணம் கட்டிய கணக்கு எல்லாம் இருக்குமே. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, பூட்டில்லாத ஒரு கார்டில் நகல் எடுத்து ரேஷன் கார்டு கவரில் போட்டு வையுங்கள். செலவு ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது.

சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே. அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது பெட்டிக்கடையில் 40 பக்கம் நோட்டு ஒன்று வாங்கி, கார்டில் ஏறிய அதே கணக்கைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். “என்ன சித்தப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா?” என்றான் நண்பன்.

“உன் மேல இருக்குடா. ரெண்டு எடத்துல இருந்தா அது கணக்கு. ஒரு எடத்துல இருந்தா அது ஞாபகம்” என்று சொல்லிவிட்டு, பேனாவை உதறி அடுத்த வரியை ஆரம்பித்தார்.